நாலு உறையும் ஆறு சக்கரமும்

எதிர்வீட்டுப் பெண் ஒரு மரப்பலகையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கடைக்குள் வந்தபோது, சட்டம் போடத்தான் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன். படங்களுக்குக் கண்ணாடி போட்டுச் சட்டம் அடிப்பது என் பிழைப்பு. கண்டதையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். மகனுக்கு முதலில் விழுந்த பல்லைக் கொண்டுவந்து சட்டம் கேட்ட ஆளும் உண்டு. அதனால் சிரித்துக்கொண்டே, இதற்கு என்ன நிறத்தில் சட்டம் வேண்டும் என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. பலகையை மேசைமேல் வைத்து ஓர் இடத்தை விரலால் காட்டினாள்.

பலகையில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. உள்ளங்கை அகலம் இருக்கும். நகத்தால் நெம்பிப் பார்த்தேன். ரப்பர். பலகையைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் கொழகொழவென்று இருந்தது. மேல்பக்கம் முழுக்கப் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"டயருண்ணே," என்றாள். "பின்சக்கரம் நின்ன பலகை. டயரோட தோல் பிய்ஞ்சு இதுலயே தங்கிடுச்சு. அவங்க போயிட்டாங்க."

அவங்க என்றால் அவளுடைய புருஷன், சின்ன மகள், ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார். மூன்று பேரும் விடிவதற்கு முன்பே கேரவனில் மலை ஏரிக்குக் கிளம்பியிருந்தார்கள். இந்தத் தோல் உரிந்த டயரும் அவர்களோடுதான் மலை ஏறிக்கொண்டிருந்தது.

அந்தக் கேரவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடுப்பு, கட்டில், குளியலறை எல்லாம் உள்ளே வைத்துச் சக்கரத்தின் மேல் கட்டிய வீடு அது. எதிர்வீட்டுக்காரன் அதைச் சுற்றுலா போகும் குடும்பங்களுக்கு வாடகைக்கு ஓட்டுகிறான். விடுமுறைக் காலத்தில் அவனை வீட்டில் பார்க்க முடியாது. மற்ற மாதங்களில் வண்டி வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் சும்மா நிற்கும். ஓடும் வண்டியைவிட நிற்கும் வண்டிக்குத்தான் செலவு அதிகம் என்று அவன் அடிக்கடி புலம்புவான். காலிமனையில் மரம் கிடையாது. மத்தியானத்துக்கு மேல் சூரியன் நேராகச் சக்கரங்களின் மேல் இறங்கும். டயர் வெயிலில் கிடந்தால் வெளுத்துக் காய்ந்து வெடிக்கும். சேறு அப்பிக் கிடந்தால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு ரப்பரைத் தின்னும். ஆகவே மண்ணில் படாமல் பலகை மேல் நிறுத்த வேண்டும், சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும், காயவிட்டு உறை போட வேண்டும். வேறு எதையும் தடவக் கூடாது. இது அவன் பெண்டாட்டியிடம் சொல்லி வைத்திருந்த பாடம்.

பெண்டாட்டி ஆஸ்பத்திரிச் சலவையகத்தில் வேலை பார்ப்பவள். சோப்பு என்று சொன்னால் போதும், அவளுக்குக் கை துறுதுறுக்கும். கழித்துப்போட்ட வெள்ளைப் படுக்கை விரிப்புகளைக் கேட்டு வாங்கிவந்து, மூன்று மடிப்பாக வைத்துத் தைத்து, ஓரத்தில் எலாஸ்டிக் கோர்த்து நாலு உறை செய்தாள். வெள்ளைத் துணி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுமாம். நாலு சக்கரமும் குல்லா போட்டுக்கொண்டு நின்ற அழகைப் பார்த்துத் தெருவே சிரித்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் வாளியும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்துவிடுவாள்.

உண்மையில் அந்த வண்டிக்கு ஆறு சக்கரம். முன்னால் இரண்டு, பின்னால் பக்கத்துக்கு இரண்டிரண்டு. பின்னால் இருக்கும் ஜோடியில் உள்பக்கத்துச் சக்கரம் வெளிச்சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கும். அதற்கு உறை எங்கே என்று நான் ஒருமுறை கேட்டேன். அங்கே பிரஷ்ஷும் போகாது, கையும் போகாது, வெயிலும் போகாது, அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

இந்த வீட்டில் இன்னொரு ஆள் உண்டு. அவளுடைய மாமனார். தெருவில் அவருக்கு லாரிக்காரர் என்று பெயர். ஆயுசில் பாதியை லாரியில் கழித்தவர். இப்போது முழங்கால் தேய்ந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு காலை மாலை கேரவனை ஒரு சுற்று சுற்றி வருவதோடு சரி. மருமகளின் சோப்பு வைத்தியம் அவருக்குப் பிடிக்கவில்லை. சோப்பு போட்டால் ரப்பர் வறண்டுவிடும், டீசலில் பழைய எஞ்சின் ஆயிலைக் கலந்து தேய்த்தால்தான் மெத்தென்று இருக்கும், வருஷப் பரிசோதனைக்குப் போகும் லாரிக்கெல்லாம் அப்படித்தான் செய்வோம், அதிகாரி பார்த்ததும் அசந்துபோவான் என்று வாதாடினார். ஒருநாள் தெருவில் பத்துப் பேர் நிற்கும்போது இந்தப் பேச்சு முற்றியது.

"ரப்பர் என்ன உங்க முழங்காலா மாமா, எண்ணெய் தேய்ச்சுவிட?" என்று கேட்டுவிட்டாள் அவள்.

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அதோடு அந்தப் பேச்சை எடுப்பதை விட்டுவிட்டார். மருமகள் ஜெயித்துவிட்டாள் என்று தெரு முடிவு செய்தது. சில வாரங்களில் டயர்களும் கன்னங்கரேலென்று பளபளக்க ஆரம்பித்தன. வருகிறவர் போகிறவரை எல்லாம் கூப்பிட்டு, உறையைத் தூக்கிக் காட்டுவாள். "வெறும் சோப்புத் தண்ணிண்ணே. வேற ஒண்ணும் கிடையாது." உறையின் உள்பக்கம் மட்டும் கறுப்பாகக் கறை பிடித்துக்கொண்டே இருந்தது. ரப்பர் சாயம் விடுகிறது என்று நினைத்து, சலவையகத்திலேயே போட்டு வெளுத்துக்கொண்டு வந்தாள்.

நாத்தனார் வந்ததால்தான் இந்தப் பயணம். ஊரையெல்லாம் ஏற்றிக்கொண்டு போகிறாயே, கூடப் பிறந்தவளை ஒரு தடவையாவது ஏற்றினாயா என்று தம்பியைப் பிடுங்கி எடுத்துவிட்டாள். விடுமுறைக் காலம் தொடங்குவதற்கு முன் ஏரிவரை போய்வரலாம் என்று முடிவானது. மருமகளுக்கு வேலையில் விடுப்பு கிடைக்கவில்லை. பெரியவருக்கு முழங்கால் விடவில்லை. கிளம்பும்போது இன்னும் இருட்டாக இருந்தது. அவன் டார்ச் அடித்து ஆறு சக்கரத்துக்கும் காற்று மட்டும் பார்த்திருக்கிறான். வெளிச்சத்தில் டயர் மின்னியதாம். புதுசு வாங்கிய அன்றைக்குக்கூட இப்படி இல்லை என்று பெண்டாட்டியைப் பாராட்டிவிட்டு வண்டியை எடுத்தானாம். இதைச் சொல்லும்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"போன் போட்டியாம்மா?"

போட்டுக்கொண்டே இருந்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றுதான் வந்தது. மலைப்பாதையில் சிக்னல் இருக்காது. நான் கடையைச் சாத்திவிட்டு, கண்ணாடிச் சரக்கு ஏற்றும் என் சின்ன வேனை எடுத்தேன். அவள் பலகையோடு முன்சீட்டில் ஏறினாள். பெரியவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒன்றும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து மருமகளுக்கு அடுத்தபடி உட்கார்ந்தார். முழங்காலைப் பற்றி மூச்சு விடவில்லை.

மூன்று பேருக்குத் தாங்காத சீட் அது. அவள் நடுவில், பலகை அவள் மடியில். வெயில் ஏறியது. கண்ணாடியை இறக்கினால் புழுதி, ஏற்றினால் புழுக்கம். ஏற்றியே ஓட்டினேன். அவள் விரல் மட்டும் போனை அழுத்திக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அதே பெண்குரல் அதே பதிலைச் சொன்னது. எனக்கு அந்தக் குரல்மேல் கோபமாக வந்தது.

புழுக்கத்தில் பலகை சூடேறியதோ என்னவோ, வேனுக்குள் ஒரு வாசனை பரவியது. முதலில் என் வண்டிதான் எங்கோ ஒழுகுகிறது என்று நினைத்தேன். அவள் பலகையை மூக்கருகே கொண்டுபோனாள். முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். ரத்தக்கறை எது, மருந்துக்கறை எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய மூக்கு அது; கேரவன் பக்கத்தில் வந்த வாசனையை மட்டும் வண்டியுடையது என்று விட்டிருந்தது.

"மாமா, இதுல டீசல் வாசனை வருது."

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா."

"வாரத்துக்கு ஒரு தடவைதான்ம்மா," என்றார் அவர்.

என் கால் தானாக பிரேக்கை அழுத்திவிட்டது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனான். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பேயறைந்த முகம் என்பார்களே, அதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். அவள் வேலைக்குப் போனபின் உறையைக் கழற்றுவாராம். குளியலறைப் பரணில் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் கலவையை ஒளித்து வைத்திருந்தாராம். தேய்த்து, துண்டால் துடைத்து, உறையை மாட்டி, எலாஸ்டிக் சுருக்கம் முன்பிருந்தபடியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்வாராம். சக்கரத்தில் வழிந்தது பலகையில் இறங்கி ஊறியிருக்கிறது. மேலே எண்ணெய், அதன்மேல் மூன்று மடிப்புத் துணி, அதன்மேல் மத்தியான வெயில். டயர் மாதக்கணக்கில் எண்ணெயில் வெந்திருக்கிறது.

"நான் சோப்பு போட்டுத்தான் மின்னுதுன்னு தெருவெல்லாம் சொன்னேனே," என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினேனே மாமா."

"நீ சந்தோஷமா இருந்தேம்மா. சொன்னா மறுபடி சிரிப்பாங்கன்னு பேசாம இருந்துட்டேன்."

"முன்சக்கரத்துக்கும் போட்டீங்களா?"

அவர் தோள் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். முன்சக்கரம் வெடித்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காது, மலைப்பாதையில் வண்டி பள்ளத்தைத் தேடிப் போகும் என்பது எங்கள் இருவரையும்விட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆயுசெல்லாம் அந்தப் பயத்தோடு ஓட்டியவர். கொஞ்ச தூரம் போனபிறகு துண்டுக்குள்ளிருந்தே பேசினார்.

"எங்க லாரி டயரெல்லாம் ஓடித் தேஞ்சு செத்துச்சும்மா. எண்ணெய் போட்டா அதுக்கு என்ன ஆகும்னு பார்க்கறதுக்குள்ள தேஞ்சு முடிஞ்சிடும். நின்ன இடத்துல செத்த டயர நான் பார்த்ததே இல்ல." பிறகு, "என் ரெண்டு பிள்ளைங்களும் அதுலதான் இருக்கு," என்றார்.

"என் பொண்ணும் இருக்கா," என்றாள் அவள்.

அந்தச் சீட்டில் அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு விரல் நுழைய இடம் கிடையாது. ஒருவர்மேல் ஒருவர் படாமல் உட்கார்ந்திருக்க இருவரும் பட்டபாட்டை நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினேன்.

மலையடிவாரத்தில் ஒரு டீக்கடை. நான் மட்டும் இறங்கி விசாரித்தேன். கடைக்காரர் கேரவனைப் பார்த்திருக்கிறார். ஒரு அம்மா ஜன்னலில் உட்கார்ந்து தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் கைகாட்டிக்கொண்டே போனார்கள் என்றார். அது நாத்தனார்தான், சந்தேகமே இல்லை. கீழே இறங்கிவந்த ஒரு பஸ் டிரைவரிடம் மேலே ஏதாவது விபத்தா என்று கடைக்காரரைக் கேட்கச் சொன்னேன். அவர் கேட்டார். டிரைவர் கையை மேல்பக்கம் காட்டி, ஏதோ பெரிய வண்டி ஓரமாக நிற்கிறது, கூட்டமாக இருந்தது, சரியாகப் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திரும்பிவந்து இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பெரிய வண்டி ஒன்று நிற்கிறதாம் என்று மட்டும் சொன்னேன். கூட்டத்தை விழுங்கிவிட்டேன். வாங்கிவந்த டீயை அவர்கள் கையில் வாங்கினார்கள், குடிக்கவில்லை. முதல் வளைவில் இரண்டு பேர் மடியிலும் கொட்டியது. துடைக்கவும் தோன்றவில்லை.

சில வளைவுகள் தாண்டியதும் சாலையில் கறுப்பாக ஒரு நாடா கிடந்தது. பாம்பு என்று நினைத்து வேனை ஒடித்தேன். டயர்க் கிழிசல். அடுத்த வளைவில் இன்னொன்று, முன்னதைவிட அகலம். அதற்கப்புறம் கம்பி நீட்டிக்கொண்டிருந்த ஒரு பெரிய துண்டு. ஓரத்தில் தடுப்புச் சுவர் சில இடங்களில் இருந்தது, சில இடங்களில் இல்லை. சுவர் இல்லாத இடங்களில் வேனை மெதுவாக்கினேன். பெரியவர் எட்டிக் கீழே பார்த்தார். அவள் பார்க்க மாட்டேன் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்தச் சமயத்தில்தான் மாமனாரின் கையைப் பிடித்தாள். பிடித்தது தெரிந்து செய்தாளா என்று எனக்குத் தெரியாது.

கேரவன் நின்றிருந்தது. பாறைப் பக்கம் கொஞ்சம் அகலமான இடத்தில், ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து நின்றிருந்தது. நாத்தனார் சாலை நடுவில் நின்று, வரும் வண்டிகளைக் கைகாட்டி ஒதுக்கி அனுப்பிக்கொண்டிருந்தாள். குழந்தை படிக்கட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது. அம்மாவைப் பார்த்ததும் ரொட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தது. அவள் மகளைத் தூக்கவில்லை. கை, கால், தலை என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, அங்கேயே சாலையில் உட்கார்ந்துவிட்டாள்.

எதிர்வீட்டுக்காரன் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. எங்களைப் பார்த்து ஆச்சரியம்கூடப் படவில்லை. பீரங்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். வண்டியின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி ஒரு ஆட்டம் ஆடியதாம். இதோடு முடிந்தது என்று நினைத்தானாம். ஆனால் ஆட்டம் நின்றுவிட்டது. வண்டி சாய்ந்தபடியே கவிழாமல் தாங்கியது. நிறுத்த இடமில்லாமல் மூன்று வளைவு நொண்டி நொண்டி ஏறி இங்கே ஒதுக்கியிருக்கிறான்.

"உறை போட்டதுல மிச்ச மூணு டயரும் சொதசொதன்னு இருக்கு," என்றான். முன்சக்கரத்தில் விரலை வைத்து அழுத்தி எடுத்தான். விரல் கறுப்பாகிவிட்டது. "யாரு எண்ணெய் போட்டது?"

மருமகள் மாமனாரைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்க அவளுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

"நான்தான்ப்பா," என்றார் பெரியவர்.

திட்டப் போகிறான் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அவன் திட்டவில்லை. எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிடித்து, பெண்டாட்டியையும் கூப்பிட்டு, வண்டியின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனான். வெளிச்சக்கரத்தில் வெறும் இரும்பு வளையம்தான் மிச்சம். அதில் நாலைந்து கிழிசல் தொங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு நாளும் அது மறைத்துக்கொண்டிருந்த உள்பக்கத்துச் சக்கரம் இப்போது முழுதாகத் தெரிந்தது. பழைய மழைக்காலத்துச் சேறு அதன்மேல் காய்ந்து அப்பியிருந்தது. ஒரு காய்ந்த இலைகூட ஒட்டிக்கொண்டிருந்தது. வண்டியின் அந்தப் பக்கத்துப் பாரம் முழுவதும் அதன்மேல்தான் இறங்கியிருந்தது. பிதுங்கிப்போய், ஆனாலும் நின்றது.

"இதுதான் தாங்குச்சு," என்றான் அவன். "இதை யாரு பார்த்துக்கிட்டீங்க?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நன்றி சொல்வதற்கு ஆள் தேடுகிறவன் மாதிரி உண்மையாகவே கேட்டான். மருமகள் மாமனாரைப் பார்த்தாள். மாமனார் மருமகளைப் பார்த்தார். எனக்குப் பதில் தெரியும், ஆனால் அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லை.

நாத்தனார் தூரத்தில் யாரிடமோ தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். பெரியவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். முழங்கால் இடம் கொடுக்கவில்லை, அப்படியும் மண்டியிட்டார். தோள் துண்டை எடுத்து மடித்து, இரும்பு வளையத்துக்கு அந்தப் பக்கம் கையை நீட்டி, அந்தச் சக்கரத்தின் சேற்றைத் துடைக்கப் போனார்.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம் மாமா," என்றாள். "அதை விட்டுடுங்க."

அவர் கையை எடுத்துக்கொண்டார். துண்டை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.